எடை குறைக்கும் ஊசி: யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்? முதல் டோஸுக்கு முன் யோசிக்க வேண்டியவை

மதிய சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறந்தவர் பாதியிலேயே மூடி வைக்கிறார். "என்னங்க, அதுக்குள்ள போதுமா?" என்கிறார் பக்கத்து சீட்காரர். "வயிறு ஃபுல் ஆயிடுச்சு. வாரத்துக்கு ஒரு ஊசி போட்டுட்டு இருக்கேன். மூணு மாசத்துல ஏழு கிலோ போயிடுச்சு."

அடுத்த பத்து நிமிடத்துக்கு அந்த மேஜையில் வேறு பேச்சே இல்லை. எந்த ஊசி? என்ன விலை? வலிக்குமா? எங்கே கிடைக்கும்? எல்லாம் கேட்டாகிவிட்டது. "இது எனக்குத் தேவையா?" என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அந்த மேஜையில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலாமவர் 27 வயதுப் பெண். உயரம் 158 செ.மீ., எடை 60 கிலோ. நான்கு மாதத்தில் கல்யாணம். "முகூர்த்தத்துக்குள்ள எட்டு கிலோ குறைக்கணும்" என்பது அவர் கணக்கு.

இரண்டாமவர் 38 வயது ஆண். 172 செ.மீ., 98 கிலோ. இரண்டு வருடமாகச் சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ராத்திரி குறட்டை, பகலில் மீட்டிங்கிலேயே கண் சொக்குகிறது.

மூன்றாமவர் 31 வயதுப் பெண். 160 செ.மீ., 76 கிலோ. பி.சி.ஓ.எஸ். இருக்கிறது. "அடுத்த வருஷம் குழந்தைக்கு பிளான் பண்ணலாம்னு இருக்கோம். அதுக்கு முன்னாடி வெயிட் குறையணும்" என்கிறார்.

மூவருக்கும் ஆசை ஒன்றுதான். ஆனால், ஒரே பதில் மூவருக்கும் பொருந்தாது. ஏன் என்று பார்ப்போம்.

இந்த ஊசி உடலுக்குள் என்ன செய்கிறது?

நாம் சாப்பிட்டவுடன் குடலில் இருந்து 'ஜிஎல்பி-1' என்ற ஹார்மோன் சுரக்கிறது. "சாப்பாடு வந்துவிட்டது, போதும்" என்று மூளைக்குச் சொல்வது, இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைப்பது, சர்க்கரை ஏறும்போது இன்சுலினைச் சுரக்கச் செய்வது இவை அதன் வேலைகள். இயற்கையான ஜிஎல்பி-1 சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதேபோல வேலை செய்து, நாள்கணக்கில் உடலில் தங்கும்படி உருவாக்கப்பட்டவைதான் இந்த மருந்துகள்.

இவை முதலில் சர்க்கரை நோய்க்காகவே வந்தன. இந்த வகையில் முதல் மருந்தான எக்ஸெனடைடு 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 'கிலா மான்ஸ்டர்' என்ற பாலைவனப் பல்லியின் நஞ்சில் கண்டறியப்பட்ட ஒரு பொருளே அதற்கு மூலம். சர்க்கரைக்காகப் போட்டுக்கொண்டவர்களுக்கு எடையும் குறைந்ததால், எடைக்கென்றே மருந்துகளைத் தயாரிக்கும் முயற்சி தொடங்கியது.

இன்று அதிகம் பேசப்படுபவை இரண்டு. ஒன்று செமாக்ளூடைடு. ஓசெம்பிக், வீகோவி என்ற பெயர்களில் ஊசியாகவும், ரைபெல்சஸ் என்ற பெயரில் மாத்திரையாகவும் வருகிறது. இன்னொன்று டிர்செபடைடு. மவுன்ஜாரோ என்ற பெயரில் விற்கப்படுகிறது. இது ஜிஎல்பி-1 மட்டுமின்றி, 'ஜிஐபி' என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

இரண்டு ஊசிகளும் வாரத்துக்கு ஒருமுறை. வயிறு, தொடை அல்லது மேல் கையில் தோலுக்கு அடியில் மெல்லிய ஊசியால் போடப்படுகின்றன. கொழுப்பை நேரடியாகக் கரைக்கும் மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பசியும் சாப்பாட்டைப் பற்றிய ஓயாத நினைப்பும் அடங்குகின்றன. சாப்பிடும் அளவு குறைகிறது. அதனால் எடை குறைகிறது.

எவ்வளவு குறையும்?

செமாக்ளூடைடு பற்றிய முக்கியமான ஆய்வு 2021-ல் வெளியானது. 1,961 பேர் கலந்துகொண்டனர். 68 வாரங்களில் மருந்து போட்டவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். டிர்செபடைடு பற்றிய 2022 ஆய்வில் 2,539 பேர். 72 வாரங்களில் அதிகபட்ச டோஸ் எடுத்தவர்களுக்குச் சராசரியாக 20.9 சதவீதம் குறைந்தது.

100 கிலோ எடை உள்ளவருக்கு 15 முதல் 20 கிலோ என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால், இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. முதலாவது, இது சராசரி. செமாக்ளூடைடு ஆய்வில் மருந்து போட்டவர்களிலேயே 100-க்குச் சுமார் 14 பேருக்கு 5 சதவீத எடைகூடக் குறையவில்லை. இரண்டாவது, இந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனையும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. ராத்திரி பத்தரைக்குப் பரோட்டாவைத் தொடர்ந்துகொண்டே ஊசியை மட்டும் நம்பினால் இந்தக் கணக்கு அப்படியே வராது.

"எடைக்கு மருந்துன்னாலே ஹார்ட்டுக்கு ஆகாது" என்கிறார்களே?

வீட்டில் பெரியவர்கள் இப்படிப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் 'ஃபென்-ஃபென்' என்ற பெயரில் பிரபலமான எடைக் குறைப்பு மருந்து, இதய வால்வுகளைப் பாதிப்பது தெரிந்து 1997-ல் திரும்பப் பெறப்பட்டது. சிபுட்ரமின் என்ற மாத்திரை மாரடைப்பு, பக்கவாத ஆபத்தை அதிகரிப்பது தெரிந்து 2010-ல் பல நாடுகளின் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

ஜிஎல்பி-1 மருந்துகளில் இதுவரை தெரிந்திருப்பது வேறு மாதிரி. ஏற்கெனவே இதய நோய் உள்ள, கூடுதல் எடை கொண்ட, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. செமாக்ளூடைடு போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவற்றின் ஆபத்து 20 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால், அந்த ஆய்வில் இருந்தவர்கள் 45 வயதைக் கடந்த இதய நோயாளிகள். 27 வயதில் ஆரோக்கியமாக இருப்பவருக்கும் அதே பலன் கிடைக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

எனக்குத் தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் படி, பிஎம்ஐ எனப்படும் உடல் நிறை குறியீட்டெண். எடையை கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைக்கும் எண் அது. மேஜையில் இருந்த மூவருக்கும் போட்டுப் பார்த்தால்: மணப்பெண்ணுக்கு 24, சர்க்கரைக்காரருக்கு 33, பி.சி.ஓ.எஸ். உள்ளவருக்கு 29.7.

வீகோவி, மவுன்ஜாரோ ஆகியவை எடைக் குறைப்புக்கு யாருக்கு அனுமதிக்கப்பட்டுள்ளன? பிஎம்ஐ 30 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு. அல்லது பிஎம்ஐ 27-ஐத் தாண்டி, கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், தூக்கத்தில் மூச்சடைப்பு போன்ற பிரச்சினை ஒன்றாவது உள்ளவர்களுக்கு.

இந்தியர்களுக்கு இந்த எல்லை சற்றுக் கீழே இருக்க வேண்டும் என்ற கருத்து மருத்துவர்களிடம் உண்டு. நம் ஆட்களுக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. அதனால் 2009-ல் வெளியான இந்திய வழிகாட்டுதல் பிஎம்ஐ 23-லேயே கூடுதல் எடை, 25-லேயே உடல் பருமன் என்று வகுத்தது. மருந்து தேவைப்படும் எல்லையை 27 என்றும், துணை நோய் இருந்தால் 25 என்றும் வைத்தது.

பிஎம்ஐ மட்டும் போதாது. இடுப்புச் சுற்றளவையும் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. வீட்டில் இருக்கும் தையல் டேப்பே இதற்குப் போதும். உடல் பருமனை வரையறுக்க 2025 ஜனவரியில் வெளியான 'லான்செட்' மருத்துவ இதழ்க் குழுவின் அறிக்கையும் இதையே வலியுறுத்தியது: பிஎம்ஐ-யை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது, அது உறுப்புகளைப் பாதித்திருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் இது சின்ன விஷயமும் அல்ல. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இங்கே 40 சதவீதப் பெண்களும் 37 சதவீத ஆண்களும் பிஎம்ஐ 25 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள்.

அடுத்த படி, எடை ஏன் ஏறியது என்று பார்ப்பது. தைராய்டு குறைபாடு, ஸ்டீராய்டு மாத்திரை, சில மனநல மருந்துகள், தூக்கமின்மை, இரவு ஷிஃப்ட் எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். காரணத்தைச் சரிசெய்யாமல் ஊசிக்குப் போவது, குழாயை மூடாமல் தண்ணீரைத் துடைக்கிற கதைதான்.

யார் போடக் கூடாது? யார் கவனமாக இருக்க வேண்டும்?

- 'மெடுல்லரி' வகைத் தைராய்டு புற்றுநோய் தனக்கோ, ரத்த உறவில் யாருக்காவதோ இருந்தால் போடக் கூடாது. 'மென் 2' என்ற பரம்பரைப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் கூடாது. எலிகளில் தைராய்டு கட்டி வந்ததால் வைக்கப்பட்ட எச்சரிக்கை இது. சாதாரணத் தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை சாப்பிடுபவர்களை இது குறிக்காது.
- கர்ப்பிணிகளும், கர்ப்பத்துக்கு முயற்சி செய்பவர்களும் தவிர்க்க வேண்டும். செமாக்ளூடைடு எடுப்பவர்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போது குறைந்தது 2 மாதத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும்.
- கணைய அழற்சி வந்தவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், இரைப்பை மெதுவாக இயங்கும் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.
- இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு, இந்த ஊசியும் சேர்ந்தால் சர்க்கரை ரொம்பவும் இறங்கலாம். பழைய மருந்தின் டோஸை டாக்டர் மாற்றியமைப்பார். தானாக எதையும் நிறுத்தக் கூடாது.
- சர்க்கரையால் கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் தொடங்கும் முன் கண் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.
- சாப்பாட்டைப் பற்றிய பயத்தால் பட்டினி கிடப்பது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது போன்ற பழக்கம் உள்ளவர்கள் அதை மறைக்கவே கூடாது. பசியை அடக்கும் மருந்து அவர்களுக்கு ஆபத்தாக முடியலாம்.

பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. டிர்செபடைடு, கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கலாம். தொடங்கியதும் 4 வாரங்களுக்கும், ஒவ்வொரு முறை டோஸைக் கூட்டிய பிறகு 4 வாரங்களுக்கும் வேறு கருத்தடை முறை தேவை. எடை குறையும்போது பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்குக் கருமுட்டை வெளியாவது சீராகி, எதிர்பாராமல் கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

பக்க விளைவுகள் எப்படி இருக்கும்?

குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல். இவைதான் பொதுவானவை. பெரும்பாலும் முதல் சில வாரங்களிலும், டோஸைக் கூட்டும்போதும் வந்து, பிறகு தணியும். அதனால்தான் எடுத்த எடுப்பில் முழு டோஸ் கொடுப்பதில்லை. செமாக்ளூடைடு ஊசியை வாரம் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, மாதம் ஒரு படியாக ஏற்றி 2.4 மில்லிகிராமுக்குக் கொண்டுபோக நான்கு மாதம் ஆகும். "சீக்கிரம் குறையட்டும்" என்று இரண்டு படியைத் தாண்டிப் போட்டுக்கொள்பவர்கள்தான் வாந்தியில் அவதிப்படுகிறார்கள்.

கொஞ்சமாகச் சாப்பிடுவது, மெதுவாக மெல்லுவது, எண்ணெய்ப் பலகாரத்தைத் தவிர்ப்பது, தண்ணீர் நிறையக் குடிப்பது உதவும். பஜ்ஜி, பிரியாணியைப் பழைய அளவில் சாப்பிட்டால் வயிறு கண்டிப்பாகக் கணக்குக் கேட்கும்.

அரிதாக வரும் ஆபத்துகளும் உண்டு. மேல் வயிற்றில் தொடங்கி முதுகு வரை பாயும் கடும் வலி கணைய அழற்சியின் அறிகுறியாக இருக்கலாம். வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகலாம். திடீரென ஒரு கண்ணில் பார்வை மங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். செமாக்ளூடைடு மிக அரிதாகப் பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025-ல் அறிவித்தது.

அறுவை சிகிச்சைக்கோ எண்டோஸ்கோபிக்கோ போகிறவர்கள் இந்த ஊசி போடுவதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் உணவு தங்கியிருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து இருக்கிறது.

எடையோடு தசையும் போகுமா?

போகும். குறையும் எடை முழுவதும் கொழுப்பு அல்ல. ஆய்வுகளில், இழந்த எடையில் ஏறத்தாழ கால் பங்கிலிருந்து 40 சதவீதம் வரை தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத பகுதி. நம் ஊர்ச் சாப்பாட்டில் இது கூடுதல் சிக்கல். இந்தியர்களின் உணவில் 62 சதவீதக் கலோரி மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2025-ல் சொன்னது. சாதாரணமாகவே புரதம் குறைவு. ஊசி போட்டபின் நான்கு இட்லி இரண்டாகக் குறையும்போது, சாம்பாரில் இருந்த பருப்பும் பாதியாகிவிடும்.

எனவே தட்டில் முதலில் கை வைக்க வேண்டியது முட்டை, மீன், கோழி, சுண்டல், பயறு, தயிர், பனீர் ஆகியவற்றில்தான். சாதம் கடைசியில். கூடவே வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி. ஜிம்முக்குப் போக முடியாதவர்கள் வீட்டிலேயே ஸ்குவாட், தண்டால், தண்ணீர் பாட்டிலைத் தூக்கும் பயிற்சி என்று தொடங்கலாம்.

எத்தனை நாள் போட வேண்டும்? நிறுத்தினால் என்ன ஆகும்?

முடிவெடுப்பவர்கள் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இது. செமாக்ளூடைடு ஆய்வில் இருந்த ஒரு பகுதியினரை, மருந்தை நிறுத்திய பிறகும் ஓராண்டு கவனித்தார்கள். இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது. சீராகியிருந்த ரத்த அழுத்தம் போன்றவையும் பழைய நிலையை நோக்கித் திரும்பின.

இது மன உறுதி இல்லாததால் நேர்வதில்லை. எடை குறையும்போது அதை மீட்கப் பசியைக் கூட்டுவது உடலின் இயல்பு. மருந்து நின்றதும் அந்தப் பசி திரும்ப வருகிறது. அதனால்தான் பி.பி. மாத்திரை மாதிரி இதையும் நீண்ட காலச் சிகிச்சையாகப் பார்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2025 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும், கர்ப்பிணிகள் அல்லாத, உடல் பருமன் உள்ள பெரியவர்களுக்கு நீண்ட காலச் சிகிச்சையாகவே இவற்றைப் பரிந்துரைத்தது. அதுவும் நிபந்தனையோடுதான்.

"மூணு மாசம் போட்டுட்டு விட்டுடலாம்" என்பவர்களுக்கு, நாலாவது மாதம் என்ன செய்வது என்ற திட்டம் முதல் நாளே வேண்டும்.

செலவு?

2025 மார்ச்சில் மவுன்ஜாரோ இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய். 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். வாரத்துக்கு ஒன்று. அந்த விலையில் 5 மில்லிகிராமிலேயே நின்றாலும் மாதம் 17,500 ரூபாய், வருடத்துக்கு 2 லட்சத்தைத் தாண்டும். டோஸ் ஏறினால் செலவும் ஏறும். அதே ஆண்டு ஜூனில் வந்த வீகோவியின் விலையை, நவம்பரில் 37 சதவீதம் வரை குறைத்தது அதன் நிறுவனம்.

இந்தியாவில் செமாக்ளூடைடின் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். அதன்பின் மற்ற நிறுவனங்களும் அதே மருந்தைத் தங்கள் பெயரில் விற்க வழி திறப்பதால் விலை இறங்கும். ஆனால், விலை இறங்குவது வேறு, தேவை இருப்பது வேறு. மருந்துச் செலவோடு டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, டயட்டீஷியன் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகளில் இந்தச் செலவு திரும்பக் கிடைப்பதில்லை. இ.எம்.ஐ., வாடகை போக மாதாமாதம் இந்தத் தொகையைக் குறைந்தது இரண்டு வருடத்துக்கு ஒதுக்க முடியுமா என்று பாருங்கள்.

எங்கே வாங்குவது?

டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது. இன்ஸ்டாகிராமில், ஜிம்மில், பியூட்டி பார்லரில் "கம்மி விலைக்கு" வருவதை வாங்கவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இருவர் ஒரே பேனாவைப் பகிர்வதும் கூடாது. ஊசி முனையை மாற்றினாலும் ரத்தம் வழி நோய்கள் பரவலாம்.

திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. வெளியே வைக்க வேண்டியிருந்தாலும் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. சென்னை, மதுரை வெயிலில் பைக் டிக்கியில் ஒரு மணி நேரம் கிடந்தாலே அந்த எல்லை தாண்டிவிடும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. என் எடையால் உடம்பில் இப்போது என்ன பாதிப்பு இருக்கிறது? எந்தெந்தப் பரிசோதனைகள் எடுக்க வேண்டும்?
2. ஊசி இல்லாமல் ஆறு மாதம் முயன்று பார்க்க எனக்கு அவகாசம் இருக்கிறதா?
3. நான் எடுக்கும் மற்ற மருந்துகளோடு இது ஒத்துப்போகுமா?
4. எத்தனை மாதத்தில் எவ்வளவு குறையாவிட்டால் நிறுத்துவோம்?
5. நிறுத்தும்போது எப்படி நிறுத்துவோம்? எடை திரும்பினால் என்ன செய்வோம்?

இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லாமல், முதல் சந்திப்பிலேயே ஊசியை எழுதிக் கொடுப்பவரிடம் இருந்து எழுந்து வந்துவிடலாம். ஏற்கெனவே சர்க்கரைக்கோ தைராய்டுக்கோ பார்க்கும் மருத்துவரிடம் தொடங்குவது நல்லது.

அந்த மூவரும் என்ன செய்யலாம்?

38 வயதுக்காரருக்குப் பிஎம்ஐ 33. சர்க்கரை, பி.பி. இருக்கின்றன. குறட்டையும் பகல் தூக்கமும் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கலாம் என்பதன் அறிகுறி. டாக்டரோடு இந்த ஊசியைப் பற்றிப் பேசுவதற்கு எல்லாக் காரணமும் அவருக்கு இருக்கிறது. தள்ளிப்போடுவதுதான் அவருக்கு ஆபத்து. "ஊசி போட்டா சோம்பேறின்னு சொல்வாங்க" என்று கூச்சப்படவும் தேவையில்லை.

31 வயதுப் பெண்ணுக்குக் காலம்தான் கணக்கு. குழந்தைக்கான திட்டத்தை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியும் என்றால், மகப்பேறு மருத்துவரும் சர்க்கரை மருத்துவரும் சேர்ந்து, நிறுத்தும் தேதியோடு ஒரு திட்டம் போடலாம். ஊசி போடும்வரை நம்பகமான கருத்தடை வேண்டும். தள்ளிவைக்க மனமில்லை என்றால் ஊசி வேண்டாம். உணவும் உடற்பயிற்சியுமாக 5 சதவீதம், அதாவது நான்கு கிலோ குறைந்தாலே மாதவிடாய் சீராக வாய்ப்பு இருக்கிறது.

மணப்பெண்ணுக்கு? பிஎம்ஐ 24. வேறு நோய் இல்லை. இந்திய வழிகாட்டுதலின்படியும் மருந்துக்கான எல்லைக்குள் அவர் வரவில்லை. டோஸை முறைப்படி ஏற்றி முடிக்கவே நான்கு மாதம் ஆகும். அதற்குள் முகூர்த்தம் வந்துவிடும். கல்யாணத்துக்கு முன் குமட்டலும் சோர்வும், கல்யாணத்துக்குப் பின் நிறுத்தியதும் திரும்பி வரும் எடையும்தான் மிச்சம். குழந்தைக்குத் திட்டமிடும் காலமும் பக்கத்திலேயே இருக்கிறது. அவருக்கு இந்த ஊசி வேண்டாம். சீக்கிரம் இரவுச் சாப்பாடு, நல்ல தூக்கம், தினம் முக்கால் மணி நேர நடை என்று இன்றைக்கே தொடங்கினால் நான்கு மாதத்தில் மூன்று நான்கு கிலோ குறையக்கூடும். பட்டுப்புடவை பிளவுஸுக்கு அளவு கொடுப்பதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைத்தால் போதும்.